ரிலேக்களின் சகவாசம்

பொறியியல் மாணாக்கனுக்கு ஆராய்ச்சியில் சிரத்தை உண்டாவது பாடப்புத்தகத்தைவிட யந்திரத்தின் சகவாசத்தாலேயே என்பது என் அபிப்பிராயம். 1936-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலிலும் கணிதத்திலும் பட்டம் பெற்று, மேற்கொண்டு செய்வது இன்னதென்று நிச்சயமில்லாதிருந்த கிளாட் ஷானன், அறிவிப்புப் பலகையில் கண்ட ஓர் அஞ்சலட்டையை நம்பி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வன்னேவர் புஷ் அமைத்திருந்த கணிப்பு யந்திரத்தை இயக்கும் உத்தியோகத்துக்கு மனுச் செய்தார். தண்டுகளும் பற்சக்கரங்களும் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த அதனைக் கட்டுப்படுத்திய ரிலேக்கள் என்னும் மின்சார சுவிட்சுகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைக் கவனிக்கையில், தத்துவ வகுப்பில் கற்ற, பூல் என்ற கணித அறிஞரின் தர்க்க கணிதம் (பொறியாளனுக்குத் தத்துவம் எதற்கு என்போர் கவனிக்க!) அவருக்குப் பிரயோஜனப்பட்டது. தொடராக இணைத்த இரு சுவிட்சுகளில் இரண்டும் மூடினாலன்றி மின்சாரம் பாயாது. பக்க இணைப்பிலோ ஒன்று மூடினாலே போதும். தர்க்கத்தின் 'மற்றும்', 'அல்லது' இரண்டும் அங்கே கம்பியில் உருக்கொண்டிருந்தன. 1937-இல், 21-ஆம் வயதில், இதையே அவர் முதுகலை ஆய்வேடாக்கினார். இன்றைய கணினிச் சுற்றுகளின் வடிவமைப்புக்கு அதுவே அஸ்திவாரம்.

செய்முறை ஏட்டை மூத்த மாணவனிடம் வாங்கி நகலெடுப்பதே ஆய்வுக்கூடப் பயிற்சி என்றிருக்கும் கல்லூரிகள், மதிப்பெண்ணில்லாத சில மணி நேரமாவது, முதலாண்டுப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துப் பார்க்கட்டும். இரண்டொரு மீட்டர் எரிந்துபோனால் போகட்டும்.