மக்கு என்று சொல்லுமுன்

ஹைதராபாத் மௌலா அலியில் ரயில்வே பயிற்சி நிலையமும் டீசல் ஷெட்டும் இருக்கின்றன. மாற்றலாகி வரும் ரயில்வே குடும்பங்களில் தமிழர்களும் உண்டு. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கும் உருதுவும். போதாததற்கு, 2018-ல் தெலங்கானா கொண்டுவந்த சட்டம் எந்த வாரியத்துப் பள்ளியானாலும் பத்தாம் வகுப்புவரை தெலுங்கைக் கட்டாயமாக்கியது.

தமிழ்ச் சிறுவன் இடறுவது எங்கே? தமிழில் 'க' ஒன்று, தெலுங்கில் நான்கு. தெலுங்கில் காற்றும் 'காலி', காலுடைய என்பதும் 'காலி'. தெலுங்குக் காது முதல் ஒலியிலேயே இரண்டையும் பிரித்துவிடும். தமிழில் எழுதினால் வித்தியாசமே இல்லை. இந்தப் பிழைக்கு நோயின் பெயர் சூட்டுவது அபத்தம். பழகப் பழகச் சரியாகும்.

டிஸ்லெக்சியா வேறு சமாசாரம். 1896-ல் பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் விவரித்த 14 வயது பெர்சி, கணக்கில் கெட்டிக்காரன். தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான், அதுவும் தாய்மொழியில்.

ஆக, சிரமம் வீட்டு மொழியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் மௌலா அலிப் பையனுக்குத் தமிழ் எழுத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வாய்மொழியாகவே பார்க்கலாம்: 'மரம்' என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் மிச்சம் என்ன? பட்டம், வட்டம் என்றால் அடுத்து என்ன சொல்கிறான்? இதிலும் திணறினால் உளவியல் நிபுணரிடம் காட்டுவது உசிதம். அதற்குமுன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாமலே மக்குப் பட்டம் வாங்கியவர்கள் அநேகம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.