கொள்ளிவைக்க ஆளில்லாத பட்டாளத்துக்காரர்

குமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் அவர். பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்று, 1777இல் இங்கேயே இறந்தார். கல்லறைமேல் லத்தீனோடு தமிழிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த படைவீரனையும் தன்னவனாக ஏற்று அடக்கம் செய்த மண் இது.

அதே மாவட்டத்தின் மலையடிவாரத்தில் கீரிப்பாறை. ரப்பர் தோட்டமும் காடும் சூழ்ந்த ஊர். இங்கே ஒற்றை அறையில் தனிக்கட்டையாக இருக்கும் ஒரு முன்னாள் படைவீரர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று, விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். கீரிப்பாறை காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். உடல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும். சொந்தபந்தம் யாரும் வராவிட்டால், காவலர் ஒருவரும் உள்ளாட்சி ஊழியர்கள் சிலரும் நின்று அடக்கம் செய்வார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், தகரப்பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை அதற்குள் யாராவது புரட்டிப் பார்த்திருப்பார்களா? படை எண், ரெஜிமென்ட், பணியாற்றிய ஆண்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

தேட வேண்டும் என்று நினைத்தால் நம் ராணுவத்தால் முடியாதது இல்லை. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே சென்ற விமானப்படையின் ஏஎன்-12 விமானம் 102 பேரோடு ரோதங் கணவாய்ப் பகுதியில் காணாமல் போனது. பனிமலையில் தேடல் பல கட்டமாகத் தொடர்ந்து, 2024இல்கூட நான்கு உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கேரளத்து இலந்தூரைச் சேர்ந்த 22 வயது இளைஞருடையது. பெற்றோர் காலமாகி வெகுநாளாகியும், 56 ஆண்டுகளுக்குப் பின் அவர் உடல் ராணுவ மரியாதையோடு சொந்த ஊரில் அடக்கமானது. பனிக்குள் புதைந்தவருக்குச் செய்ய முடிந்ததை, பிணவறையில் கிடப்பவருக்கு ஏன் செய்ய முடியாது?

இங்கிலாந்தின் லித்தம் செயின்ட் ஆன்ஸில் 2013 அக்டோபரில் 99 வயது முதியவர் ஒருவர் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானப் பிரிவின் தரைப்பணியாளராக இருந்தவர். இறுதிச் சடங்குக்கு வர நெருங்கிய உறவு யாரும் இல்லை என்றும், படையில் பணியாற்றியவர்கள் வந்தால் நன்றாயிருக்கும் என்றும் பத்திரிகையில் சிறு அறிவிப்பு வந்தது. நவம்பர் 11, காலை 11 மணி. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் மழையில் வந்து நின்றார்கள். அமெரிக்காவில் படைவீரருக்கு இறுதி மரியாதை செய்வதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: கோரினால், சீருடை அணிந்த குறைந்தது இரண்டு பேர் வந்து கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து இது நடைமுறை.

இங்கே நல்ல மனம் மட்டும் போதாது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதைக்கும் படையினரின் இறுதிச் சடங்குக்கும் தவிர தேசியக் கொடியைச் சடலத்தின்மேல் போர்த்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மாலை போடலாம். கொடி போர்த்த அரசு முன்வந்தால்தான் உண்டு. அரசுக்கு இது புதிய வேலையுமல்ல. உடலுறுப்பு தானம் செய்தோருக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதன்பின் எத்தனையோ எளிய வீடுகளின் வாசலில் அதிகாரிகள் மலர்வளையத்தோடு நின்றிருக்கிறார்கள். அதே ஏற்பாட்டில் ஆளில்லாத முன்னாள் படைவீரருக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

உரிமை கோரப்படாத உடல் எதையும் அடக்கம் செய்யுமுன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் காவல் நிலையம் தகவல் தர வேண்டும் என்று ஓர் ஆணை வரட்டும். படைவீரர் ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தருகிறார்கள். சான்று வராத பெயர்களை அந்த அலுவலகம் பட்டியலிட்டு, ஆள்விட்டு விசாரிக்கட்டும். சாவுக்குப் பின் தேடுவதைவிட, உயிரோடிருக்கும்போதே ஒருவர் போய்க் கதவைத் தட்டுவது மேல்.

முன்னாள் படைவீரர் சங்கத்தார் ஊருக்கு ஒருவராகப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் யாராவது தனியாக இருந்தால், அவர் பெயரையும் படை எண்ணையும் கேட்டு எழுதி, நாகர்கோவிலிலுள்ள நல அலுவலகத்தில் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.