வெட்டவும் வேண்டாம், மினுக்கவும் வேண்டாம்!

நூறு வயதைத் தாண்டிய கார் ஒன்று யார் கைக்காவது வந்து சேர்ந்தால் போதும், உடனே இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிடும். ஒரு கோஷ்டி, "எஞ்சினைத் தூக்கிக் கடாசு, வி-8 போடு, டிஸ்க் பிரேக் மாட்டு, சும்மா பறக்கும்" என்கும். இன்னொரு கோஷ்டி, "கடைசி நட்டு வரைக்கும் கழற்று, பெயின்ட்டை மொத்தமாகச் சுரண்டு, நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆக்கு" என்கும். பார்ப்பதற்குக் கீரியும் பாம்பும் மாதிரி இருப்பார்கள். ஆனால் பல நேரங்களில் இரண்டு பேரும் செய்து முடிப்பது ஒரே வேலைதான்: கையில் இருந்த பழைய காரைக் காலி செய்வது.

உதாரணத்துக்கு ஃபோர்டு மாடல் டி. 1908-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. 1927 மே மாதம் உற்பத்தி நிற்பதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. தொடக்கத்தில் விலை 850 டாலர். 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. விவசாயியையும் தொழிலாளியையும் காரில் ஏற்றிய வண்டி இது.

"ஒன்றரைக் கோடியில் ஒன்றை வெட்டினால் குடியா முழுகிவிடும்?" இதுதான் மாற்றும் கோஷ்டியின் முதல் கேள்வி. ஒன்றரைக் கோடி என்பது செய்த கணக்கு சார், இருக்கிற கணக்கு இல்லை. பெரும்பாலானவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியதில் முழுசாக இருப்பவை இன்னும் குறைவு. இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இந்தக் கணக்கில் கழித்தல் மட்டும்தான் உண்டு, கூட்டல் கிடையாது.

சரி, வெட்டினால் அப்படி என்ன போய்விடும்? இந்தக் காரை ஓட்டும் முறையே போய்விடும். மாடல் டி-யில் மூன்று மிதிகள் உண்டு. ஆனால் இன்றைய டிரைவர் அதில் ஏறி உட்கார்ந்தால் திருதிருவென்று முழிப்பார். இடது மிதியை முழுசாக அழுத்தினால் லோ கியர், விட்டால் ஹை கியர். நடு மிதி ரிவர்ஸ். வலது மிதி பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடியாக இருக்கிறது. பெட்ரோல் டாங்க் முன் சீட்டுக்கு அடியில்; பம்ப் கிடையாது, எரிபொருள் தானாகத்தான் எஞ்சினுக்கு இறங்க வேண்டும். அதனால் டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால், வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏற்றினார்கள்! கார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உலகம் முடிவு செய்யாத காலத்தின் சாட்சி இது. உள்ளே ஒரு வி-8-ம் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸும் வைத்தால், மேலே பழைய சட்டை, உள்ளே வேறு ஆள்.

அடுத்த வாதம் பாதுகாப்பு. இதை அலட்சியம் செய்ய முடியாது. மாடல் டி-யின் மிதி பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸைப் பிடிக்கிறது. நடுவில் ஆக்ஸில் போனால் பிரேக்கும் போச்சு. இன்றைய ரோட்டில் இது ஆபத்துதான். ஆனால் இதற்கு வெல்டிங் மெஷின் எதற்கு? பின் சக்கரங்களில் தனியாக மாட்டும் பிரேக்குகள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. போல்ட் போட்டு மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். மலையேற்றத்துக்கு ரக்ஸ்டெல் என்ற இரண்டு வேகப் பின் ஆக்ஸில் இருந்தது. ஃபோர்டு டீலர்களே அதை விற்றார்கள். அதிக வேகம் வேண்டுமா? செவ்ரலே சகோதரர்கள் மாடல் டி எஞ்சினுக்கென்றே ஃப்ரண்டனாக் என்ற சிலிண்டர் ஹெட்டைச் செய்து விற்றார்கள். ஆக, மாற்றம் என்பதே பாவம் இல்லை. திரும்பக் கழற்ற முடிகிற மாற்றம் வேறு, ரம்பம் வைத்து அறுக்கிற மாற்றம் வேறு.

"அப்படியானால் ஹாட் ராட் கலாச்சாரமே தப்பா?" இல்லவே இல்லை. 1950களில் நார்ம் கிராபவ்ஸ்கி ஒரு மாடல் டி பாடியில் கேடிலாக் வி-8 எஞ்சினை வைத்துச் செய்த வண்டி, தொலைக்காட்சித் தொடர் வரைக்கும் போய்ப் புகழ்பெற்றது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் அழகுப் போட்டியில் 1997-ல் ஹாட் ராடுகளுக்கென்றே ஒரு பிரிவு வந்தது. அவையும் இன்று வரலாறுதான். ஆனால் அந்தப் பையன்கள் அறுத்தது அன்றைக்குச் சல்லிசாகக் கிடைத்த ஓட்டை வண்டிகளை. இன்று அதே வடிவத்தில் ஃபைபர் கிளாஸ் பாடி புதிதாகவே கிடைக்கிறது. அதில் எந்த எஞ்சினை வேண்டுமானாலும் வைத்து விளையாடலாமே! நூறு வருஷம் தப்பிப் பிழைத்த ஒன்றை எதற்காக அறுக்க வேண்டும்?

இப்போது மினுக்கும் கோஷ்டிக்கு வருவோம். இவர்கள் தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான் கூடுதல் ஆபத்து. மணல் வீச்சில் பெயின்ட்டை எடுத்து, பட்டி பார்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போடுவார்கள். அந்தப் பளபளப்பு ஃபோர்டு தொழிற்சாலையில்கூட இருந்ததில்லை. போதாததற்கு, மாடல் டி என்றால் கறுப்பு என்று ஊரே சொல்வதை நம்பி ஆரம்பகால வண்டிக்கும் கறுப்பு அடிப்பார்கள். கறுப்பு மட்டும் என்ற விதி 1914 முதல் 1925 வரைதான். அதற்கு முன்பு பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் உண்டு. சுரண்டிப்போட்ட தூசியில்தான் அந்த வண்டியின் உண்மையான நிறம் இருந்தது. அதை இனி எந்தக் கொம்பனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

உலகம் இதைப் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது. பெபிள் பீச்சில் 2001-ல் பழைய நிலையிலேயே பேணப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. 2024-ல் அந்தப் பிரிவைச் சேர்ந்த 1934-ஆம் வருஷத்து புகாட்டி டைப் 59 ஒட்டுமொத்த முதல் பரிசையே தட்டிச் சென்றது. அந்தப் பிரிவுக் காருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இந்தியாவிலும் 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வருஷம் தாண்டியிருந்தால் மட்டும் ஒரு வண்டி 'விண்டேஜ்' ஆகிவிடாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும்.

"என் கார், என் காசு, என் இஷ்டம்" என்பது கடைசி வாதம். சட்டப்படி சரி. ஆனால் நூறு வயதுக் காருக்கு இப்போதைய முதலாளி எத்தனையாவது ஆள்? அவருக்கு முன்பு கையில் வைத்திருந்த ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு அறுத்திருந்தால், அவர் கைக்கு என்ன வந்திருக்கும்?

ஆகவே வரிசை இதுதான். வண்டி முழுசாக இருந்தால் சுத்தம் செய்து, துருவை நிறுத்தி, ஓடவிட்டால் போதும். பாகம் போயிருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். மாடல் டி-க்குப் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பாதுகாப்புக்கு எதையாவது மாட்டினால் கழற்றுகிற மாதிரி மாட்டி, கழற்றிய பழையதைப் பத்திரமாக வைக்க வேண்டும். வெறும் கூடாகக் கிடைத்தால் மட்டும் முழு மீட்பு, அல்லது ஹாட் ராட், எதுவும் செய்யலாம்.

தப்பாக அடித்த பெயின்ட்டின் மேல் வேறு பெயின்ட் அடித்துவிடலாம். அறுத்த சேசிஸை ஒட்டத்தான் முடியும், அறுக்காததாக ஆக்க முடியாது.