இன்வெர்ட்டர் வாங்கும்போது சார்ஜரைப் பற்றிக் கேட்டீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது இன்வெர்ட்டர். கடைக்குப் போனதும் பெரும்பாலோர் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "எத்தனை வி.ஏ.?" "எத்தனை மணி நேரம் ஓடும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "காலியான பேட்டரி மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?" என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உங்களிடம் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி. இரண்டு ஃபேனுக்கு 150 வாட்ஸ், எல்.இ.டி. விளக்குகளுக்கு 20, மேசைக் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் 150, இன்டர்நெட் மோடத்திற்கு 10. மொத்தம் 330 வாட்ஸ். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 32 ஆம்பியர் போகும். அப்படியானால் நாலரை மணி நேரம் ஓட வேண்டும் அல்லவா? ஓடாது. 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் அது குறையும். மூன்று, மூன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்ல பேட்டரி.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட் மதியம் 2 மணிக்கு வந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பேட்டரியில் 100 ஆம்பியர் அவர் காலி. 15 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏழு மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். ஆனால் நிரம்பும் தறுவாயில் சார்ஜர் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக் கொள்ளும். ஏற்றுவதில் ஒரு பகுதி வீணாகவும் போகும். ஆக, பத்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு மறுபடி கரண்ட் போனால், உங்களிடம் இருப்பது அரைகுறை பேட்டரிதான்.

பெரிய சார்ஜர் போட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் எல்லை உண்டு. சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்குதான் பாதுகாப்பான சார்ஜிங் அளவு. 150க்கு 15. வெகுவாக மீறினால் பேட்டரி சூடாகும், தண்ணீர் சீக்கிரம் வற்றும், ஆயுள் குறையும்.

இதற்கு நேர்மாறான தவறை நானே செய்திருக்கிறேன். கூடுதல் நேரம் ஓடட்டும் என்று பழைய இன்வெர்ட்டரில் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்து மாட்டினேன். சார்ஜர் அதே 15 ஆம்பியர்தான். கோடையில் அடிக்கடி கரண்ட் போனதால் இரண்டு பேட்டரிகளுமே ஒரு நாளும் முழுதாக நிரம்பவில்லை. நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் உப்புப் படியும். இரண்டும் ஒன்றாகவே வீணாயின. ஒருவருக்கு வடித்த சோற்றை இருவருக்குப் பரிமாறிய கதைதான்.

கரண்ட் திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டு ஃபேனும் விளக்கும் இன்வெர்ட்டர் வழியாகவே மெயின்ஸ் கரண்டை எடுக்கின்றன. அதே நேரத்தில் சார்ஜரும் சுமார் 270 வாட்ஸ் இழுக்கிறது. இரண்டும் ஒரே ஒயர், ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் வர வேண்டும். அந்த லைனில் அயர்ன் பாக்ஸையும் சொருகினால் ஃபியூஸ் தாங்குமா? சில மாடல்களில், லோடு அதிகமானால் சார்ஜிங் தானாகக் குறைந்துவிடும். விளக்கு எரியும், பேட்டரி நிரம்பாது. மெயின்ஸ் இருக்கும்போதுகூட இன்வெர்ட்டர் லைனில் பெரிய சாதனங்கள் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூ.பி.எஸ்., நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூ.பி.எஸ். நிலையில் மாற்றம் வேகமாக நடப்பதால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே இறங்கினால் அது மெயின்ஸை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். கோடை இரவில் தெருவெங்கும் ஏ.சி. ஓடி வோல்டேஜ் இறங்கும்போது, கரண்ட் இருக்கும்போதே உங்கள் பேட்டரி காலியாகும். நார்மல் நிலையில் பெரும்பாலான மாடல்கள் 100 வோல்ட் வரை ஏற்றுக் கொள்ளும். கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகு நார்மலுக்கு மாற்றி வையுங்கள். அந்த நிலையில், வரும் குறைந்த வோல்டேஜே வீட்டுச் சாதனங்களுக்கும் போகும். ஆகவே கம்ப்யூட்டரை மட்டும் அப்போது ஓட்டாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. தென்சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் 330 வாட்ஸுக்கு மூன்று மணி நேரம் தந்த அதே பேட்டரி, ஒரு விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் மட்டும் என்றால் ஒரு நாளைக்கு மேல் தாங்கும்.

பெரிய பேட்டரியால் மட்டும் பிரச்சினை தீராது என்பதே என் கருத்து. பேட்டரிக்கு ஏற்ற சார்ஜர், சார்ஜருக்கு ஏற்ற லோடு, இரண்டும் பொருந்த வேண்டும். கரண்ட் போனதும் வேலையை சேவ் செய்து கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். மிச்சமாகும் 150 வாட்ஸ், ராத்திரி குழந்தை தூங்கும் அறையில் ஃபேனாக ஓடட்டும்.