பொட்டு வைத்த கம்ப்யூட்டர்



நான் வைகை அணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கின்றவன். இந்த அணை 1959-ஆம் வருஷம் ஜனவரியில் காமராசரால் திறக்கப்பட்டது. இதற்கு வந்து சேருகின்ற தண்ணீரில் பெரும் பங்கு மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீராகும். அதை மறித்து, மலையைச் சுமார் ஒரு மைல் தூரம் குடைந்து, கிழக்கே திருப்பினவர் பென்னிகுயிக் என்கிற வெள்ளைக்கார இஞ்சினீயர். அந்த வேலை முடிந்தது 1895-ல். அதற்கு முன்பும் இந்தப் பள்ளத்தாக்கில் மழைக்குப் படையல் போடாமலா இருந்தார்கள்? ஆனால் தண்ணீர் வந்தது மந்திரத்தினால் அல்ல, கணக்கினாலும் கடப்பாரையினாலுமேயாகும்.

இன்றைக்கு ஜனவரி 15-ந் தேதி வந்தால் அவர் பிறந்த நாளென்று கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். நன்றி பாராட்டுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுகொண்டு, அவர் போட்ட கணக்கு நமக்கெதற்கு என்று விட்டுவிட்டால், நம் சாமிகள் ஜாபிதாவில் இன்னொரு பேர் கூடிற்று என்பதைத் தவிர வேறு பிரயோஜனம் என்ன?

இதே சங்கதிதான் எங்கள் தொழிலிலும் நடக்கின்றது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீசில் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம் பழத்தை நறுக்கிப் போட்டார்கள். போட்டவர்களெல்லாம் இஞ்சினீயரிங் பாஸ் செய்தவர்கள். அந்த வாரமே ஒரு புது நிரலை வெளியிட வேண்டியிருந்தது. ராகு காலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்து வெளியிட்டோம். அன்றிரவு பதினொரு மணிக்கு அது படுத்துக்கொண்டது. அப்போது ஒருவராவது எலுமிச்சம் பழத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார்களா? இல்லை. எந்த வரியில் பிசகு என்று தேடினார்கள். தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டதுதான் பிசகு. நல்ல நேரம் பார்த்தவர்களுக்குத் தேதியே தப்பாயிருந்தது!

நிற்க. இந்த மூடத்தனம் ஆபீசோடு நிற்கவில்லை. நம் பிள்ளைகள் கையிலிருக்கும் போனிலும் புகுந்துவிட்டது. விளையாட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. பொம்மை எப்படி ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் என்னை இந்தத் தொழிலுக்கே இழுத்து வந்தது. ஆனால் பணம் வைத்து ஆடும் சூதாட்டம் வேறு. அங்கே தோற்றவன் "என் நேரம் சரியில்லை" என்கிறான். அங்கே நேரமும் இல்லை, விதியும் இல்லை. எண்ணைப் பொறுக்கிப் போடும் ஒரு நிரல் இருக்கிறது. எப்போதாவது ஒரு தரம் ஜெயிக்க விட்டால் மனிதன் பத்துத் தரம் தோற்றாலும் எழுந்து போகமாட்டான் என்பது தெரிந்தே இவ்வித ஆட்டங்கள் செய்யப்படுகின்றன. 2022-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை இதற்குத் தடைச் சட்டம் செய்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவைகளை விலக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமே பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் செய்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் உள்ளே நடக்கும் கணக்கு தெரியாதவனை, ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு வழியாய் இழுத்துக்கொள்வார்கள்.

ஆகவே நாம் உள்ளே பார்க்கப் பழக வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு இந்தத் தொழிலில் தடையே இல்லை என்பதுதான் ஆச்சரியம். 1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் லினக்ஸ் என்பதை எழுதி, அதன் உள்வரிகளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கு முன் வைத்தார். இன்று நீங்கள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போன் அதன்மேல்தான் ஓடுகின்றது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்ம சூத்திரம் எழுதி வைத்த நாட்டில், இவ்வளவு பெரிய வித்தையை எந்த ஜாதியானும் ஓசியில் படிக்கலாம் என்பது சாமானியமான காரியமா?

பின் தடை எது என்றால், பாஷையும் பட்டணமுமே தடையாகும். பாட்காஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. போனில் வேண்டியபோது கேட்கும் பேச்சு. அந்தக் காலத்தில் டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை வாசிக்க இருபது பேர் கேட்பார்களே, அதே வேலையை இது செய்யும். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். ஆனால் ராசிபலனும் பரிகாரமும் தமிழில் நாள் முழுதும் கிடைக்கின்றன. நிரல் எப்படி ஓடுகிறதென்று கேட்க வேண்டுமானால் அநேகமாய் இங்கிலீஷுக்குத்தான் போக வேண்டும்.

தொழில்நுட்பக் கூட்டங்களும் அப்படியே. பட்டணத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசினவர் தமிழர், கேட்டவர்களில் பெரும்பாலோரும் தமிழர், பேச்சு மாத்திரம் இங்கிலீஷ். என்னோடு வந்த ஆண்டிபட்டிப் பையன் இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. டீ குடிக்கும்போது தமிழில் ஒரு கேள்வி கேட்டான். பேசினவர் திகைத்துப் போய், "இதை அங்கேயே கேட்டிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். அவன் எப்படிக் கேட்பான்? யோக்கியதை இல்லாமலல்ல, பாஷைக்குப் பயந்தல்லவா உட்கார்ந்திருந்தான்!

இங்கிலீஷ் இல்லாமல் உத்தியோகம் கிடைக்குமா என்று சிலர் கேட்கலாம். இங்கிலீஷும் கற்றுக்கொள்ளட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் விஷயத்தைப் புரிந்துகொண்டவனுக்கு இங்கிலீஷ் சீக்கிரம் வரும். இங்கிலீஷ் வரும்வரை விஷயமே கூடாதென்றால் அவன் வாசலிலேயே கிழவனாகிவிடுவான். தமிழில் முடியாது என்பதும் பொய். 2003-ல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. 'கணியம்' 2012 முதல் இத்தொழிலைத் தமிழிலேயே இலவசமாய் எழுதி வருகிறது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத 'எழில்' என்றே ஒரு மொழி செய்திருக்கிறார்கள்.

ஆதலால் தோழர்களே, தேனியிலும் ஆண்டிபட்டியிலும் கம்பத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளை நூலகத்திலோ, ஒரு தோழர் வீட்டுத் திண்ணையிலோ ஐந்து பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்காருங்கள். தமிழில் பேசுங்கள்; பேசினதைப் பதிவு செய்து ஊருக்குக் கேட்கக் கொடுங்கள். இஞ்சினீயரிங் படிக்க வைத்துவிட்டு அடுப்படியில் நிறுத்தியிருக்கிறீர்களே, அந்தப் பெண்களை முதல் வரிசைக்குக் கூப்பிடுங்கள். பகலில் கூட்டம் வைக்கச் சொல்வது அதற்காகவேதான்.

மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான் ஒருவன். மேற்கே மாத்திரம் ஓடுகிற இந்த அறிவையும் திருப்ப வேண்டியது நம் வேலை. அதற்குப் பொட்டும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற துணிச்சல் ஒன்றே போதும்.

— ஓர் அணைக்கரைக்காரன்