மெதுவா ஓடுங்கப்பா, வேகம் தானா வரும்!

"வேகமா ஓடிப் பழகினாத்தான் வேகம் வரும்." விடியற்காலையில் திருவந்திபுரம் ரோட்டில் போலீஸ் தேர்வுக்காக ஓடும் பசங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். தினமும் உயிரைக் கொடுத்து நாலு சுற்று, அப்புறம் நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிடுவது. இது பயிற்சியே இல்லை என்பது என் கட்சி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். அதாவது 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி. ஒரே ஒரு சுற்று என்றால் இதை யார்தான் ஓடமாட்டார்கள்? மூன்றாவது சுற்றில்தானே நொண்டுகிறோம்! குறைவது வேகம் இல்லை, தம்.

புதுக்கோட்டை லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000 மீட்டர் தங்கம் வாங்கியது 14 நிமிடம் 54 விநாடியில். சுற்றுக்குச் சுமார் 72 விநாடி. ஒரு சுற்று என்றால் நம்ம காலேஜிலேயே ஓட ஆள் உண்டு. பன்னிரண்டரை சுற்று?

பேசிக்கொண்டே ஓடும் அளவு நிதானமான நீண்ட ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகும், தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் சீடர்களை வாரம் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்தவர். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது எதில் தெரியுமா? வெறும் 800 மீட்டரில்!

வேகப்பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில், வாரம் ஒன்றிரண்டு நாள் போதும். தினமும் அதையே செய்தால் கணுக்காலும் முழங்காலும் தேர்வு நாளுக்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிடும்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், மெதுவோட்டம் முதல், வேகம் வட்டி. முதலே போடாமல் வட்டி கேட்டால் எந்த பேங்க் தரும் சொல்லுங்க? :-)