விளையாட்டு வேளையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, நாளைக்கு எனக்குத் தலைவலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றாள். நாளைய தலைவலியை இன்றே அறிந்த விந்தையைக் கண்டு நகைத்தேன். நகைத்துக்கொண்டே கையெழுத்தும் இட்டேன். மறுவாரமும் அதே கிழமையில் அதே தலைவலி வந்தது. அது உடற்பயிற்சி வகுப்பு நடைபெறும் நாள் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

பரிவோடு கேட்டபின் உண்மை வெளிவந்தது. ஆட்டத்திற்குக் கட்சி பிரிக்கும்போது, தலைவியர் இருவர் தமக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்களாம். எல்லாரும் போனபின் எஞ்சி நிற்பவள் இவள். "நான் குண்டு, அப்பா. எனக்கு ஓட வராது" என்றாள். 'குண்டு' என்னும் அப்பெயரை அவளுக்கு முதலில் சூட்டியது பள்ளியன்று, எங்கள் வீடுதான். செல்லமாகச் சொன்னோம். அவள் அதைச் செல்லமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்பர்களே, பதின்மூன்று பதினான்கு வயது எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதிற்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதிற்குள்ளும் தொடங்குவது இயல்பு. ஆகவே ஒரே வகுப்பில் ஒருவன் சிறுவனாகவும் மற்றொருவன் இளைஞனாகவும் தோன்றுவான். கையும் காலும் முதலில் நீளும். உடல் பின்னர் வளரும். அந்த இடைக்காலத்தில் நடை தடுமாறும். எறிந்த பந்து குறி தவறும். இது குறையன்று; வளர்ச்சியின் ஒரு படி. இதனை அப்பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. மாறாக, "ஒல்லிக்குச்சி", "வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய்", "பெண்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்ற சொற்களே நம் இல்லங்களில் கேட்கின்றன. வீட்டில் கேட்ட சொல்லைச் சுமந்துகொண்டே பிள்ளை திடலில் நிற்கிறது.

நம் ஒக்கலிபுரத்தில் இதன் கேடு பெரிது. இருப்புப்பாதையை ஒட்டிய இந்நெருக்கமான சந்துகளில் பிள்ளைகள் ஓடியாட இடம் எங்கே இருக்கிறது? பலருக்குப் பள்ளியின் விளையாட்டு வேளை ஒன்றே கைகால் நீட்டக் கிடைக்கும் பொழுது. அதையும் தலைவலிச் சீட்டு எழுதி நாமே பறிக்கலாமா? நாள்தோறும் 60 நிமிடமேனும் இவ்வயதினர் உடலை இயக்கவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுள் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. அவர்களுள்ளும் பெண்பிள்ளைகளே மிகுதி.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நீங்கள் அறிவீர்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியது. அன்னையார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். அச்சிறுவனைத் திடலின் ஓரத்தில் உட்காரவைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால், பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்ட ஊக்கினார். பின்னர் நம் பெங்களூரில் சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளரிடம் பயின்று, 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 'உன்னாலும் ஆகும்' என்று ஒருவர் காலத்தில் சொன்னார்; அது போதுமானதாயிற்று.

நம் ஊர்ப்புறங்களில் கட்சி பிரிக்க 'உத்தி' என்றொரு முறை உண்டு. ஆற்றலில் ஒத்த இருவர் சேர்ந்து தனியே சென்று, ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "பூ வேண்டுமா, காய் வேண்டுமா?" என்பார்கள். தலைவன் ஒன்றைக் கேட்பான். அப்பெயருக்குரியவன் அவன் பக்கம் போவான். ஆள் தெரியாமல் பெயரைக் கேட்பதால், வேண்டாதவன் என்று எவனும் எஞ்சி நிற்பதில்லை. எழுத்தறியாத நம் முன்னோர் பிள்ளைகளின் மனம் நோகாமல் ஆடக் கற்றுக்கொடுத்த வழி இது. மகளின் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். கன்னடத்தவரான அவ்வம்மையார் ஆர்வத்தோடு கேட்டு, "செய்து பார்ப்போம்" என்றார்.

பெற்றோர் செய்யவேண்டியவை சிலவே. உடலைக் குறித்த பட்டப்பெயர்களை இன்றோடு விட்டுவிடுங்கள். மாதவிடாய் நாள்களில் வெள்ளைச் சீருடையில் கறைபடுமோ என்னும் அச்சத்தாலேயே பல பெண்கள் திடலுக்கு வர அஞ்சுகின்றனர். அடர்நிற உடைக்கு இசைவு தருமாறு பள்ளியாரிடம் தாய்மார் கேட்கலாம். நோயிருந்தால் மருத்துவரைக் காணுங்கள். நோயின்றிச் சீட்டுக் கேட்டால் சினவாதீர்கள். கையெழுத்திடுமுன் காரணத்தைக் கேளுங்கள்.

சென்ற வாரம் அக்கிழமை வந்தது. மகள் தாளை நீட்டவில்லை. மாலையில், "ஓடினாயா?" என்றேன். "முதலில் நின்றேன், பிறகு ஓடினேன்" என்றாள். முதலாவதாக வந்தாளா என்று நான் கேட்கவில்லை.